தீவுப் பறவைகளும் ஹியூம் பெருமகனாரும்

நம் ஜீவனஹள்ளியில் காலை வேளையில் வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து நோக்கும் பெரியவர்கள் இன்றும் சிலர் உளர். அல்சூர் ஏரிப் பக்கமிருந்து, வெண்ணிற மார்பும் செங்காவிச் சிறகும் கொண்ட கருடன் ஒன்று வட்டமிட்டு வருமானால், கன்னத்தில் போட்டுக்கொண்டு பெருமாளை நினைப்பர். அதே வானில் இறைச்சிக் கடைகளுக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் கரும்பருந்தை எவரும் கும்பிடுவதில்லை. குஞ்சு பொரித்த கோழியை வைத்திருப்போர் கோலை எடுத்து ஓட்டவே முற்படுவர். இரண்டும் ஒரே குடும்பத்துப் பறவைகள். ஒன்றுக்குப் பூசை, மற்றொன்றுக்கு வசை. இத்தகைய பறவைகளின் குணம் என்ன, எங்கே கூடு கட்டுகின்றன, எத்தனை முட்டை இடுகின்றன என்று பாரத தேசம் முழுவதிலுமிருந்து செய்தி திரட்டி ஏட்டில் ஏற்ற முனைந்த ஒருவரின் வரலாற்றையே இம்மலரில் நம் சங்க அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அவர் பெயர் நமக்குப் புதியதன்று. காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்தவர் யார் என்னும் வினாவுக்கு, ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்று ஒரு வரியில் விடை எழுதி மதிப்பெண் பெற்றவர்கள்தாம் நாம் அனைவரும். அந்த ஒரு வரிக்கு முன்னே முப்பத்தைந்து ஆண்டுக்கால வாழ்வு ஒன்று இருந்தது என்பதைச் சரித்திரப் பாடம் நமக்குச் சொல்லவில்லை. அந்த வாழ்வின் பெரும்பகுதி பறவைகளோடு கழிந்தது. வங்கக் கடலின் நடுவே, வேறெங்கும் காணக் கிடைக்காத பறவைகள் சில உலகறியப் பெயர் பெற்றதும் அவராலேயே.

ஹியூம் 1829 ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிறந்தார். தந்தையார் ஜோசப் ஹியூம், இளமையில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வைத்தியராக இந்தியாவில் இருந்தவர். பின்னர்ப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் ஏழை எளியோர்க்காக வாதாடிய சீர்திருத்தவாதி. மகனோ ஹெய்லிபரியில் கம்பெனியாரின் கல்லூரியில் பயின்று, லண்டனில் மருத்துவமும் சிறிது கற்று, 1849 ஆம் ஆண்டு தம் இருபதாம் வயதில் இந்தியா வந்து சேர்ந்தார். வங்காள சிவில் சர்வீஸில் எட்டாவா ஜில்லா அவருக்குக் கிடைத்தது. யமுனைக் கரையிலுள்ள அந்த ஊரில் அவர் முதலில் செய்த வேலை பள்ளிக்கூடங்கள் திறந்ததுதான். 1857 தொடங்கும்போது 181 பள்ளிகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் படித்தனர் என்றும், அவர்களுள் பெண்கள் இருவரே என்றும் கணக்கு கூறுகிறது.

அவ்வாண்டு நடுவில் கிளர்ச்சி மூண்டது. ஹியூம் எட்டாவாவை விட்டு ஆக்ரா கோட்டைக்குச் செல்ல நேர்ந்தது. அதுவரை அவர் சேர்த்து வைத்திருந்த பறவைத் தோல்கள் யாவும் அக்கலகத்தில் அழிந்தன. மீண்டும் ஊர் திரும்பி, உள்ளூர் மக்களையே கொண்டு ஒரு படையமைத்து அமைதியை நிலைநாட்டினார். 1860 இல் அரசாங்கம் அவருக்குப் பட்டம் அளித்தது. அழிந்துபோன சேகரிப்பை அவர் முதலிலிருந்தே மறுபடியும் தொடங்கினார்.

ரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இவ்விடத்தில் ஒரு மகிழ்ச்சி. எட்டாவாவில் ஹியூமுக்குத் துணையாக வாய்த்த பறவை நண்பர் ஒரு ரயில்வேக்காரர். வில்லியம் எட்வின் புரூக்ஸ் என்னும் அவர் கிழக்கிந்திய ரயில்வேயின் எஞ்சினீயர். பாலமும் பாதையும் பார்த்த நேரம் போக மற்றெல்லா நேரமும் சின்னஞ்சிறு குருவிகளின் பின்னே அலைந்தவர். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் பச்சைநிற இலைக்குருவிகளுள் வேற்றுமை கண்டறிவதில் அவருக்கு இணையானவர் அந்நாளில் அரியர். அவற்றுள் ஒன்றுக்கு நண்பரின் பெயரையே இட்டார். தம் மகனுக்கும் ஆலன் என்று அவர் பெயரையே சூட்டினார். எட்டாவாவில் பிறந்த அம்மகன் கனடா சென்று பறவை ஓவியராகப் புகழ் பெற்றது தனிக்கதை.

1867 ஆம் ஆண்டு ஹியூம் உள்நாட்டுச் சுங்கக் கமிஷனர் ஆனார். அப்பதவி என்னவென்று அறிந்தால் இன்று நமக்கு வியப்பாக இருக்கும். சிந்து நதிப் பக்கமிருந்து மகாநதிப் பக்கம் வரை, ஏறத்தாழ 2,500 மைல் நீளத்துக்கு, உப்பைத் தீர்வையின்றிக் கடத்தாதபடி காக்கும் எல்லைக் கோடு ஒன்று இருந்தது. அதன் பெரும்பகுதியில் இலந்தை, கருவேல், சப்பாத்திக்கள்ளி முதலியவற்றால் ஆள் நுழைய முடியாத முள்வேலி வளர்க்கப்பட்டது. அந்த முள்வேலியைச் செழிக்கச் செய்தவர்களுள் ஹியூமும் ஒருவர். பிற்காலத்தில் உப்புக்காகத் தண்டியிலும் வேதாரணியத்திலும் எந்தக் காங்கிரஸ் போராடியதோ, அந்தக் காங்கிரஸை உண்டாக்கியவர் உப்பு வேலிக்குக் காவலராகச் சம்பளம் வாங்கியவரே என்பதை மறைத்துப் பயனில்லை. குதிரையிலும் ஒட்டகத்திலும் அவ்வேலியோரமாகவும் ராஜபுதனத்து மணல்வெளிகளிலும் சென்ற அவர், சுங்கக் கணக்கோடு பறவைக் கணக்கையும் எழுதிக்கொண்டே போனார்.

அவ்வாறு எழுதியவற்றைத் தொகுத்து 1869 இல் கல்கத்தாவில் ஒரு நூல் வெளியிட்டார். குறிப்பேடு என்று பணிவாகவே அதற்குப் பெயரிட்டார். முதற்பகுதி முழுவதும் வேட்டைப் பறவைகளைப் பற்றியதே: பிணந்தின்னிக் கழுகுகள், இராசாளிகள், பருந்துகள், ஆந்தைகள் ஆகியவற்றின் கூடுகளும் முட்டைகளும் அதில் விரித்துரைக்கப்பட்டன. இமயமலையில் வாழும் பெருங்கழுகு ஒன்றுக்கு அவர் அவ்வாண்டு இட்ட அறிவியற் பெயரே இன்றும் வழங்குகிறது.

அந்நாளில் பிணந்தின்னிக் கழுகு அரிய பறவையன்று. மாடு செத்த இடத்தில் நூற்றுக்கணக்காக இறங்கும். அதுவும் ஒருநாள் அரிதாகும் என்று அவர் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார். 1990 களுக்குப் பின் அவை நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்னும் வலி நீக்கும் மருந்து, செத்த மாட்டின் உடல்வழிக் கழுகுகளுக்குள் சென்று சிறுநீரகத்தைக் கெடுத்ததே காரணம் எனக் கண்டறிந்து, 2006 இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்கு வழங்குவதைத் தடை செய்தனர். மைசூர் வண்டியில் செல்லும் நம் அன்பர்கள் ராமநகரத்துப் பாறைக் குன்றுகளைப் பார்த்திருப்பர். அங்குள்ள ராமதேவர பெட்டாவில் எஞ்சியிருந்த சில கழுகுகளுக்காக 2012 இல் கர்நாடக அரசாங்கம் ஒரு சரணாலயம் அமைத்தது.

ஹியூமின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1871 இல் வைஸ்ராய் மேயோ பிரபு விவசாயம், வருவாய், வர்த்தகம் மூன்றையும் சேர்த்து ஒரு புதிய இலாகாவை அமைத்து, அதற்கு ஹியூமைச் செயலாளர் ஆக்கினார். அடுத்த ஆண்டே, 1872 பிப்ரவரி 8 ஆம் நாள், அந்தமான் தீவுக்குச் சென்ற மேயோ பிரபு போர்ட் பிளேரில் ஒரு கைதியின் கத்திக்கு இரையானார். தம்மை ஆதரித்த தலைவர் மாண்ட அத்தீவுகளுக்கு, ஓராண்டு கழித்து, 1873 மார்ச்சில் ஹியூம் பறவை தேடிப் புறப்பட்டார்.

உடன் சென்றவர்களுள் மண்ணியல் அறிஞர் ஸ்டொலிக்ஸ்கா, கல்கத்தா மியூசியத்தைச் சேர்ந்த உட்-மேசன் முதலியோர் இருந்தனர். அந்தமான், நிக்கோபார் ஆகியவற்றோடு நார்க்கொண்டம் என்னும் ஒற்றைத் தீவும் அப்பயணத்தில் அடங்கியிருந்தது. வட அந்தமானுக்குக் கிழக்கே கடலினின்று எழுந்து நிற்கும் அவிந்த எரிமலை அது. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர் அளவே. நம் ஜீவனஹள்ளி, குக் டவுன், பிரேஸர் டவுன் இவற்றோடு அக்கம்பக்கத்துப் பேட்டைகள் சிலவற்றையும் சேர்த்தால் அத்தனை பரப்பு வந்துவிடும். அந்தச் சிறிய மலையில் ஓர் இருவாட்சிப் பறவை வாழ்கிறது. உலகில் வேறெங்கும் அது கிடையாது. உடல் கருமை, வால் வெண்மை, தொண்டையில் நீலப்பை. ஆணுக்குத் தலையும் கழுத்தும் செம்பழுப்பு, பெண்ணுக்கு அவையும் கருமையே. பெண் பறவை மரப்பொந்தில் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு துளை ஒன்றுதான் மிஞ்சும். குஞ்சு வளரும்வரை ஆண் பறவை அத்திப்பழம் கொணர்ந்து அத்துளை வழியே ஊட்டும். ஆண் பறவை ஒன்றை ஒருவன் சுட்டு வீழ்த்தினால் பொந்துக்குள் இருக்கும் பெண்ணும் குஞ்சும் என்னாகும் என்று சொல்ல வேண்டுவதில்லை. இப்பறவையை 1873 இல் உலகுக்கு அறிவித்தவர் ஹியூமே. 

அவ்வாண்டில் அவர் பெயரிட்ட மற்றொன்று அந்தமான் கிளுவை என்னும் சிறு வாத்து. உப்பங்கழிகளிலும் சதுப்பு நிலங்களிலும் வாழும் அதுவும் இன்று ஆயிரத்தை ஒட்டிய தொகையினதே. அந்தமானின் சிறிய ஆந்தை ஒன்றுக்கு, வாலண்டைன் பால் என்னும் மண்ணியலாரின் பெயரைச் சூட்டினார். கூகையினத்தைச் சேர்ந்த வேறோர் ஆந்தையை 1875 இல் வெளியிட்டு, அதற்கு ரோப்ஸ்டார்ப் என்பாரின் பெயரை இட்டார். டென்மார்க் தேசத்துக் குடும்பத்தில் பிறந்து, நிக்கோபாரில் அதிகாரியாக இருந்த அவர் நிக்கோபார் மொழிக்கு அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார். 1883 இல் கமோர்ட்டாத் தீவில் தம்மிடம் பணிபுரிந்த ஹவில்தார் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அகராதியை அவர் மனைவியார் மறு ஆண்டு அச்சேற்றினார். பயணத்தில் உடன் வந்த ஸ்டொலிக்ஸ்காவும் நெடுநாள் வாழவில்லை. யார்க்கண்டு சென்று திரும்பும் வழியில், 1874 ஜூனில், லடாக்கின் பனிமலையில் உயிர் நீத்தார். தீவுப் பறவைகளின் பெயர்களைப் படிக்கும்போது இத்தகைய மனிதர்களின் கல்லறைகளையும் சேர்த்தே படிப்பதாக நமக்குத் தோன்றும்.

நிக்கோபாரில் மண்மேடு கட்டும் கோழி ஒன்று உண்டு. இதனை ஹியூமுக்கு முன்னரே பிளித் என்னும் அறிஞர் 1846 இல் அறிவித்துவிட்டார். இக்கோழி அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் சருகையும் கால்களால் வாரிக் குவித்து, ஆள் உயரத்துக்கும் மேடாக்கி, அதனுள் முட்டையைப் புதைத்துவிடும். சருகு மக்குவதால் எழும் சூடே முட்டையைப் பொரிக்கும். குஞ்சு தானே மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வந்து, தாய் முகம் காணாமலே பிழைத்துக்கொள்ளும். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை நிக்கோபார்க் கரைகளை வாரிக்கொண்டு போனபோது இக்கோழிகளின் மேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. அங்குள்ள கச்சால் தீவில், இலங்கையிலிருந்து திரும்பி வந்த நம் தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டிருந்தன. அத்தீவு அன்று அடைந்த சேதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அங்கே மனிதருக்கும் பறவைக்கும் ஓடி ஒதுங்க வேறிடம் இல்லாமற் போயிற்று.

தீவுப் பறவைக்கு நேரும் இடர் இதுவே. நிலத்தின் நடுவே வாழும் பறவை ஒரு காடு அழிந்தால் மறு காடு செல்லும். தீவில் பிறந்ததோ நெடுங்காலம் பகையறியாது வாழ்ந்து, பறத்தலையும் அஞ்சுதலையும்கூடச் சில வேளை மறந்துவிடும். கப்பலில் வந்த எலியும் பூனையும் ஆடும் பன்றியும் போதும் அதனை அழிக்க. நம் தமிழர் பெருந்தொகையாய் வாழும் மொரீஷியஸ் தீவில் இருந்த டோடோ என்னும் பெரும்புறா, டச்சுக்காரர் வந்து நூறாண்டு ஆவதற்குள் பூண்டற்றுப் போயிற்று. அதே தீவின் வல்லூறு, சிறியதொரு வேட்டைப் பறவை, 1974 இல் காட்டில் நான்கே நான்கு என்று எண்ணும் நிலைக்கு வந்தது. நல்லோர் சிலர் முட்டையை எடுத்துப் பொரித்து வளர்த்துக் காட்டில் விட்டதனால் மீண்டது. நார்க்கொண்டத்திலும் காவற்படையினர்க்காகக் கொண்டுபோன ஆடுகள் பெருகி இளங்கன்றுகளை மேய்ந்துவிட, அத்தி மரங்களுக்கே கேடு வந்தது. பின்னர் ஆடுகளை அகற்றினர். அங்கே கடலோரக் காவற்படையின் கண்காணிப்புக்கு ராடார் அமைக்கும் திட்டம் 2012 இல் சுற்றுச்சூழல் அமைச்சரால் மறுக்கப்பட்டு, 2014 இல் நிபந்தனைகளோடு ஒப்புக்கொள்ளப்பட்டது. பெரிய நிக்கோபாரில் மண்மேட்டுக் கோழியும் ஆமையும் வந்து முட்டையிடும் கலாத்தியா விரிகுடா, துறைமுகம் கட்டுவதற்காக 2021 இல் சரணாலயப் பட்டியலினின்று நீக்கப்பட்டது. நாட்டின் காவலும் வேண்டும், வாணிபமும் வேண்டும்; மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏழு சதுர கிலோமீட்டருக்குள் ஓர் இனம் முழுவதும் அடங்கியிருக்கும்போது, இழந்தபின் வேறெங்கிருந்தும் அதனைக் கொணர முடியாது.

ஹியூமிடம் நமக்குள்ள மனத்தாங்கலும் இங்கேதான் தொடங்குகிறது. அவர் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் தோல்களைச் சேர்த்தார். தாமாக இறந்த பறவைகள் அல்ல அவை. துப்பாக்கியால் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி அடுக்கப்பட்டவை. தொலைநோக்கியும் புகைப்படமும் இக்காலத்தைப் போல் இல்லாத அந்நாளில் வேறு வழி இல்லை என்பர். உண்மையே. 1881 இல் மணிப்பூர் சென்றபோது, யானைப்புல் மண்டிய நிலத்தில் ஒளிந்து வாழும் அரிய காடை ஒன்றைப் பெறுவதற்காக, ஆட்களை விட்டுப் புல்லையே வெட்டி அகற்றச் செய்தார். காடை கிடைத்தது. அது குடியிருந்த புல்வெளி போயிற்று. அப்பயணத்தில்தான் தம் மனைவியாரின் பெயரை ஓர் அழகிய காட்டுக்கோழி இனத்துக்கு இட்டார். அதுவே இன்று மணிப்பூரின் மாநிலப் பறவை. இவற்றையெல்லாம் படிக்கும்போது பாராட்டுவதா, வருந்துவதா என்று நமக்கு விளங்கவில்லை. அவர் சுட்டிராவிடில் நார்க்கொண்டத்து இருவாட்சி என ஒன்று உண்டென்பதை அன்று உலகம் அறிந்திராது. அறியாத பறவைக்குப் பின்னாளில் எவரும் சரணாலயம் அமைத்திருக்கவும் மாட்டார்.

வேட்டையில் மட்டும் அவர் பெயர் நிற்கவில்லை. 1872 முதல் உதிர்ந்த சிறகுகள் என்று பொருள்படும் பெயரில் பறவைகளுக்கென ஒரு பத்திரிகை நடத்தினார். தாசில்தார், ராணுவ அதிகாரி, தோட்ட முதலாளி, வைத்தியர் என்று தேசமெங்கும் கடிதம் எழுதுவோர் அவருக்கு இருந்தனர். நம் நீலகிரியில் கோத்தகிரியைச் சேர்ந்த காக்பர்ன் அம்மையார், மலைப் பறவைகளின் கூடுகளைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பியவர்களுள் ஒருவர். சேலம் கலெக்டராக இருந்தவரின் மகளான அவர், பறவைகளை வண்ண ஓவியங்களாகவும் தீட்டினார். 1875 இல் ஹியூம் லட்சத்தீவுகளுக்கும் சென்று அங்குள்ள கடற்பறவைகளைப் பார்த்து எழுதினார். சிம்லாவில் ராத்னி மாளிகை என்னும் பெரிய வீட்டை வாங்கி, அதன் ஒரு பகுதியையே மியூசியமாக்கினார். சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே சென்றது.

அரசாங்கத்தின் குறைகளை முகத்துக்கு நேரே எடுத்துரைக்கும் அவர் இயல்பு மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. 1879 இல் லிட்டன் பிரபுவின் ஆட்சியில் செயலாளர் பதவியினின்று நீக்கப்பட்டு, அலகாபாத்துக்கு ஒரு தாழ்ந்த இடத்துக்கு அனுப்பப்பட்டார். 1882 இல் ஓய்வு பெற்றார். ஊர் திரும்பாமல் சிம்லாவிலேயே தங்கினார். இந்தியப் பறவைகள் அனைத்தையும் பற்றிய பெருநூல் ஒன்றை எழுதி முடிப்பதே இனித் தம் வேலை என்று இருந்தார். இருபத்தைந்து ஆண்டுக் குறிப்புகள் கட்டுக் கட்டாக அவ்வீட்டில் இருந்தன.

1884 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவர் சிம்லாவை விட்டுச் சமவெளிக்குச் சென்றிருந்தார். திரும்பி வந்து பார்த்தபோது காகிதக் கட்டுகளைக் காணவில்லை. வேலைக்காரன் ஒருவன் அவற்றைச் சிம்லா கடைத்தெருவில் பழைய காகிதமாக எடைக்கு விற்றுவிட்டான். மளிகைக் கடையில் பருப்பும் சர்க்கரையும் மடித்துக் கொடுக்க அந்த ஏடுகள் பயன்பட்டிருக்கும். பேரேடுகளோடும் கோப்புகளோடும் காலம் தள்ளும் நம் போன்றோர்க்கு இச்செய்தி வயிற்றைக் கலக்குவது. ஒரு தாள் காணாமற் போனாலே எத்தனை நாள் உறக்கம் கெடுகிறது! இருபத்தைந்து ஆண்டு எழுத்து ஒரு நாளில் தராசில் ஏறிப் போய்விட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அவ்வேலைக்காரனுக்கு ஏட்டுக்கும் குப்பைக்கும் என்ன வேற்றுமை தெரியும்? எட்டாவாவில் 181 பள்ளிகள் வைத்தவரின் வீட்டிலேயே அப்படி ஒருவன் இருந்தான் என்பதுதான் விந்தை.

ஹியூம் பெருநூலை அத்தோடு கைவிட்டார். அதற்கு முன்னரே பிரம்மஞான சபையின் தொடர்பால் புலால் உண்பதை விட்டிருந்தார். பறவைகளைச் சுடுவதும் தகாது என்று கருதத் தொடங்கியிருந்தார். சேர்த்ததனைத்தையும் லண்டன் மியூசியத்துக்கு விலையின்றிக் கொடுத்துவிட முடிவு செய்தார். 1885 இல் அங்கிருந்து பௌட்லர் ஷார்ப் என்னும் அறிஞர் சிம்லாவுக்கு வந்து, தேவதாரு மரப் பெட்டிகள் செய்வித்து, 47 பெட்டிகளில் அடைத்து மலையிறக்கினார். பறவைகளும் முட்டைகளுமாக மொத்தம் 82,000. பூச்சி அரித்தவற்றைக் கழித்து மியூசியம் ஏற்றுக்கொண்டவை 75,577. தனி ஒருவர் கொடுத்த பறவைக் கொடையில் இதற்கு நிகரானது அதுவரை இல்லை. இன்று டிரிங் என்னும் ஊரிலுள்ள மியூசியக் கிளையில் அவை அறை அறையாக இருக்கின்றன. நம் நாட்டு அறிஞர்களும் ஐயம் தீர அங்கேயே செல்ல வேண்டியுள்ளது.

மலையினின்று பெட்டிகள் இறங்கிய அதே 1885 இறுதியில்தான், டிசம்பர் 28 ஆம் நாள், பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரியில் 72 பிரதிநிதிகள் கூடினர். காங்கிரஸ் பிறந்தது. அம்மகாசபையில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் நம் ஹிந்து பத்திரிகை ஜி. சுப்பிரமணிய ஐயர் என்பதைத் தமிழர் மறத்தலாகாது. பறவைக்காகத் தேசமெங்கும் கடிதம் எழுதிப் பழகிய கை, இப்போது வக்கீல்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் எழுதியது. ஊருக்கு ஒருவரைத் தேர்ந்து, செய்தி திரட்டி, ஒன்றாகத் தொகுத்து அச்சிட்டுத் திருப்பி அனுப்பும் முறையை அவர் குருவிகளிடத்திலேயே கற்றுக்கொண்டார் என்று நாம் கருதுகிறோம். இதைச் சரித்திராசிரியர்கள் ஒப்புகிறார்களோ இல்லையோ, அலுவலகத்தில் தபால் பார்ப்பவர்கள் ஒப்புவர்.

1887 டிசம்பரில் மூன்றாம் காங்கிரஸ் சென்னையில் கூடிற்று. பத்ருதீன் தியாப்ஜி தலைமை வகித்தார். அறுநூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தனர். பொதுச்செயலாளராக ஹியூம் இருந்தார். அதன்பொருட்டு வீரராகவாச்சாரியார் தமிழில் வினாவிடையாக எழுதிய சிறு நூல் 30,000 பிரதிகள் வழங்கப்பட்டது. எண்ணாயிரம் பேர் ஓரணா முதல் ஒன்றரை ரூபாய் வரை கொடுத்து 5,500 ரூபாய் சேர்ந்தது. ரங்கூனிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும்கூடப் பணம் வந்தது. இம்முயற்சி சர்க்காருக்குப் பெருங்கோபத்தை மூட்டிற்று. ஏழைக் குடியானவனிடம் அவன் மொழியிலேயே பேசத் துணிந்தது அதிகாரிகளுக்குப் பொறுக்கவில்லை.

1894 இல் ஹியூம் இந்தியாவை விட்டுச் சென்று லண்டனின் தென்பகுதியில் குடியேறினார். பறவைகளை அவர் மீண்டும் தொடவில்லை. முதுமையில் செடிகொடிகளில் மனம் சென்றது. வயல் வரப்பிலும் சாலையோரத்திலும் திரிந்து, இலையும் பூவும் பறித்து, தாளில் அழுத்தி உலர்த்தி ஒட்டி, காட்டுச் செடிகளைப் பல்லாயிரமாகச் சேர்த்தார். 1910 இல், தம் எண்பத்தொன்றாம் வயதில், எளிய மக்களும் வந்து செடியியல் கற்குமாறு தென் லண்டன் தாவரவியல் நிலையத்தைத் தம் பொருளிலேயே நிறுவினார். அந்நிலையம் இன்றும் நடைபெறுகிறது.

1912 ஜூலை 31 ஆம் நாள் அவர் காலமானார். புரூக்வுட் கல்லறையில் உடல் அடக்கம் செய்யப்பட்டது. செய்தி வந்த அன்று எட்டாவாக் கடைத்தெருவில் கடைகளை அடைத்துவிட்டனர்.